டூக்கி ஆல்பத்தின் கிட்டார் டோன்: கட்டானா 50-ல் கெயின், மிட் எவ்வளவு வைக்கணும்?

பவர்கார்டு_பழகுநர் (கேள்வி)

வணக்கம். கிரீன் டேயோட 1994 ஆல்பம் ‘டூக்கி’யில வர்ற ரிதம் கிட்டார் சத்தத்துக்குக் கிட்டப் போகணும். அச்சு அசலா வேண்டாம். அந்த முரட்டுத்தனமும் தெளிவும் ஒண்ணா வந்தா போதும்.

கையில இருக்கறது: யமஹா பசிஃபிகா 112வி, 9-42 கம்பி, பாஸ் கட்டானா 50 எம்கே2 ஆம்ப், ஒரு டியூப் ஸ்க்ரீமர் வகை பெடல், ஒரு டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல்.

இப்போ வச்சிருக்கற செட்டிங் (குமிழ் நிலையைக் கடிகார முள் மாதிரி சொல்றேன்): பிரவுன் சேனல், கெயின் (கரகரப்பு அளவு) 3 மணி, பேஸ் 3 மணி, மிட் 9 மணி, ட்ரெபிள் 3 மணி, ரிவர்ப் கொஞ்சம். ஆம்புக்கு முன்னாடி டிஎஸ்-1, அதுல டிஸ்டார்ஷன் பாதி. வீட்டுல 0.5 வாட்ல வச்சுத்தான் இதெல்லாம் செட் பண்ணினேன்.

தனியா வாசிச்சா பெருசா கேக்குது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த உடனே கிட்டார் காணாமப் போயிடுது. பாம் மியூட் (உள்ளங்கையால கம்பியை லேசா அமுக்கி அடிக்கறது) ‘டக் டக்’னு வெட்டி நிக்காம பொதபொதன்னு இருக்கு. கார்டு அடிச்சு விட்டா மேல கொசு ரீங்காரம் மாதிரி ஒரு இரைச்சல். ஹம்பக்கர்ல (ஹம்மைக் குறைக்கற ரெண்டு காயில் பிக்கப்) வச்சாலும் ஹம் அதிகம். ஈ ஃப்ளாட்டுக்கு (வழக்கத்தை விட அரை ஸ்வரம் கீழ) இறக்கினா ஆறாவது கம்பி ஃப்ரெட்டுல உரசுது.

எதை முதல்ல மாத்தணும்? பிரிட்ஜ் பிக்கப்பை மாத்தினா இதெல்லாம் சரியாகுமா?

---

நாலு_பன்னிரண்டு

பிக்கப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் பிரச்சினையில் பாதிக்கு மேல் கெயினும் மிட்டும்தான்.

அந்த ஆல்பத்தின் அடிப்படை எளிமையானது. கிரீன் டே கிட்டாரிஸ்ட் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் ஃபெர்னாண்டஸ் கிட்டார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், அதன் பிரிட்ஜில் ஒரு ஹம்பக்கர் (சீமோர் டங்கன் ஜேபி பின்னாளில் வந்தது). ஆம்ப், கூடுதல் கெயின் வரும்படி உள்ளே மாற்றி அமைத்த 100 வாட் மார்ஷல் 1959எஸ்எல்பி. ராப் கவல்லோ தயாரிப்பில் பெர்க்லியின் ஃபேண்டஸி ஸ்டுடியோஸில் பதிவானது. டியூனிங் அரை ஸ்வரம் கீழே, ஈ ஃப்ளாட். எம்எக்ஸ்ஆர் 2019-ல் அந்த டோனுக்கென்றே டூக்கி டிரைவ் என்று ஒரு பெடல் கொண்டுவந்தது. அதில் பிளெண்ட் என்றொரு குமிழ் இருக்கிறது: கெயின் அதிகமுள்ள சத்தத்தையும் கிட்டத்தட்ட சுத்தமான சத்தத்தையும் கலப்பதற்கு. முக்கியமான குறிப்பு அந்தக் குமிழில்தான் இருக்கிறது. நாம் கேட்கும் சத்தம் முழுக்க டிஸ்டார்ஷன் இல்லை. அடியில் சுத்தமான கம்பிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹெட்ஃபோனில் ஆல்பத்தை மறுபடி கேளுங்கள். கார்டு திறக்கும் முன் பிக் கம்பியில் படும் ‘சக்’ ஒவ்வொரு அடியிலும் தனியாகக் கேட்கும். கெயின் கூடும்போது முதலில் அமுங்குவது அதுதான். உங்களிடம் பிரவுன் சேனல் 3 மணி, அதற்கு முன் டிஎஸ்-1 பாதி என்று இரண்டு டிஸ்டார்ஷன் ஒன்றன்மேல் ஒன்று. அதில் பிக் அடி பிழைக்க வழியே இல்லை.

பொதபொதப்புக்குக் கணக்கு இருக்கிறது. டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு ஸ்வரம் போனால், அவற்றின் வித்தியாசமும் கூட்டுத்தொகையும் புது ஸ்வரங்களாக வெளியே வரும். ஈ ஃப்ளாட் பவர் கார்டில் கீழ் ஸ்வரம் ஏறத்தாழ 78 ஹெர்ட்ஸ், ஐந்தாம் ஸ்வரம் 117. வித்தியாசம் 39 ஹெர்ட்ஸ், சரியாக ஒரு ஆக்டேவ் கீழே. பவர் கார்டு பிரம்மாண்டமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம், கெயின் மீறினால் சேறாவதற்கும் இதுவே காரணம். 39 ஹெர்ட்ஸை ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கரால் இறுக்கமாகத் தர முடியாது, தளதளவென்று ஆடும். டியூனிங் சற்றுப் பிசகினாலும் அந்த வித்தியாச ஸ்வரம் அலைபாயும். அதிக கெயினில் டியூனிங் பிசகு இவ்வளவு அசிங்கமாகத் தெரிவது அதனால்தான்.

ஆகவே பேஸை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறைக்க வேண்டும். ஆம்பின் பேஸ் குமிழைத் திருப்பினால் போதாது, அது பெரும்பாலும் சேறான பிறகுதான் வேலை செய்கிறது. உங்கள் டியூப் ஸ்க்ரீமரின் பயன் இங்கேதான். அந்தச் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகவே பெருக்கும். டிரைவ் முழுக்க இடது கோடி, லெவல் 3 மணி, டோன் 12 மணி. அதை டிஸ்டார்ஷன் பெடலாக நினைக்காதீர்கள், ஆம்புக்குள் போகும் சிக்னலைச் சீவி அனுப்பும் இழைப்புளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பில்: டிஎஸ்-1 ஆஃப். லீட் சேனல். கெயின் 11 மணி. பேஸ் 10 மணி. மிட் 2 மணி. ட்ரெபிள் 12-க்கும் 1-க்கும் நடுவில். ரிவர்ப் பூஜ்யம்.

கெயினுக்கு என் எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம், பிக்கப்புக்குப் பிக்கப் மாறும். குமிழை 9 மணியில் வைத்து, மூன்றாவது ஃப்ரெட்டில் பவர் கார்டை முழு பலத்தோடு அடியுங்கள். நாலு எண்ணிக்கை வரை அது சீராக நின்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். நிற்கவில்லையென்றால் சிறிது ஏற்றுங்கள். அடுத்து அதே கார்டை மெதுவாகத் தட்டுங்கள். சத்தம் கொஞ்சம் சுத்தமானால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். பலமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் ஒரே மாதிரி கேட்டால் கெயின் இன்னும் அதிகம்.

மிட் விஷயத்தில் பலரும் தயங்குவார்கள். மிட் ஏற்றியதும் தனியாகக் கேட்க மூக்கடைத்த மாதிரி இருக்கும். ஆனால் பேண்டில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் உட்கார்ந்திருக்கின்றன. மேலே 5 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் சிம்பல். நமக்கென்று இருக்கும் இடம் ஏறத்தாழ 400-லிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரை. மிட்டை 9 மணிக்கு இறக்கி அந்த இடத்தை நீங்களே காலி செய்துவிட்டீர்கள். 0.5 வாட்டில் செட் செய்ததும் ஒரு காரணம்: சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே உணரும், கை தானாக அவற்றை ஏற்றிவிடும். ஈக்யூவை (பேஸ், மிட், ட்ரெபிள் அளவுகளை) பேண்ட் வாசிக்கும் சத்தத்திலேயே செட் செய்து ஒரு மெமரியில் சேமியுங்கள். வீட்டுக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

சால்டர்_வாசம்

மேல சொன்னது எல்லாம் சரி. கிட்டார் பக்கம் ரெண்டு மூணு விஷயம் பாக்கணும்.

112வி-ல டோன் குமிழ் வெறும் டோன் இல்ல, புஷ்-புல். மேல இழுத்தா பிரிட்ஜ் ஹம்பக்கரோட ஒரு காயில் அணைஞ்சு சிங்கிள் காயிலா மாறிடும். ஹம் அதிகம்னு நீங்க சொன்னதுமே எனக்கு அதுதான் தோணுச்சு. சரிபார்க்கச் சுலபமான வழி: ஆம்ப் சத்தத்தை நல்லாக் குறைச்சு, சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியால பிரிட்ஜ் பிக்கப்போட ரெண்டு வரிசையையும் மாத்தி மாத்தி லேசாத் தட்டுங்க. ரெண்டுலயும் ஒரே அளவு ‘டொக்’ வந்தா முழு ஹம்பக்கர். ஒண்ணு உரக்கவும் இன்னொண்ணு செத்த மாதிரியும் கேட்டா குமிழ் மேல இருக்கு, கீழ அமுக்குங்க.

அதுக்கப்புறமும் ஹம் இருந்தா கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்கிப் பாருங்க. நின்னுட்டா பிக்கப் வழியா வருது. மானிட்டர், எல்ஈடி டிம்மர், சார்ஜர் பக்கத்துல இருந்து தள்ளி உக்காருங்க, கிட்டாரை 90 டிகிரி திருப்பிப் பாருங்க. வால்யூம் பூஜ்யத்துலயும் நிக்கலன்னா கேபிள், இல்ல கரண்ட் பக்கம். கம்பியைத் தொட்டா ஹம் குறையறது சகஜம். ஆனா தொட்டா சுருக்னு கரண்ட் அடிச்சா அதோட வாசிக்கறதை நிறுத்துங்க. பிளக் பாயிண்ட்ல எர்த் இல்லாம இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி பண்ணாம மறுபடி சொருகாதீங்க. நாய்ஸ் சப்ரசரால எர்த் பிரச்சினையை மூட முடியாது.

கம்பி உரசறது ட்ரெமோலோ (ஸ்ப்ரிங் வச்ச, அசையற பிரிட்ஜ்) கணக்கு. அரை ஸ்வரம் இறக்கினா கம்பி இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். பின்னாடி ஸ்ப்ரிங் இழுவிசை அப்படியே இருக்கறதால பிரிட்ஜ் பின்பக்கமா சாயும், கம்பி தாழும், உரசும். அதோட 9-42 ஈ ஃப்ளாட்டுக்கு ரொம்ப மெலிசு. பாம் மியூட் பண்ணினா கம்பி ஆடி சுருதி ஏறி இறங்கும், பவர் கார்டைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலே ஷார்ப் ஆகும். 10-52 போடுங்க. மேல் மூணு கம்பி விரலுக்குப் பழகினதாவே இருக்கும், கீழ் மூணும் விறைப்பா நிக்கும்.

வேலை செய்யற வரிசை இப்படி. புதுக் கம்பி மாட்டி ஈ ஃப்ளாட்டுக்கு டியூன் பண்ணுங்க. பின் மூடியைக் கழட்டினா ஸ்ப்ரிங் மாட்டின தகட்டை மரத்தோட பிடிச்சிருக்கற ரெண்டு நீள ஸ்க்ரூ தெரியும். ரெண்டையும் சமமா அரைச் சுற்று இறுக்கி மறுபடி டியூன் பண்ணுங்க. பிரிட்ஜ் தகடு மரத்துல முழுசாப் படியற வரைக்கும் இதே மாதிரி, படிஞ்சதும் இன்னும் அரைச் சுற்று. ட்ரெமோலோ கைப்பிடியை இந்த இசைக்கு நீங்க தொடப் போறதில்ல, அது மிதக்க வேண்டிய அவசியமே இல்ல. ஒரு கம்பி அறுந்தாலும் மத்த அஞ்சும் சுருதியில நிக்கும்.

அடுத்து நெக். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் அழுத்திப் பிடிச்சா, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் மேல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு, ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர், இடைவெளி வேணும். இடைவெளியே இல்லன்னா நெக்குக்குள்ள இருக்கற ட்ரஸ் ராடை இடப்பக்கமா கால் சுற்று மட்டும் தளர்த்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்க. ஒரே மூச்சுல அரைச் சுற்று வேண்டாம். அதுக்கப்புறம்தான் சாடில் (பிரிட்ஜ்ல கம்பியைத் தாங்கற துண்டு) உயரம்: 12-ஆவது ஃப்ரெட்ல தடிக் கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிசுக்கு 1.5. கடைசியா இன்டொனேஷன் (எந்த ஃப்ரெட்ல பிடிச்சாலும் சுருதி சரியா வர்றது). 12-ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்கை விட அழுத்தின ஸ்வரம் ஷார்ப்பா இருந்தா சாடிலைப் பின்னாடி நகர்த்துங்க, ஃப்ளாட்டா இருந்தா முன்னாடி. வரிசை மாறினா எல்லாத்தையும் மறுபடி செய்ய வேண்டி வரும்.

52 கம்பி நட் (நெக் நுனியில கம்பியைத் தாங்கற துண்டு) பள்ளத்துல இறுகலாம். டியூன் பண்ணும்போது ‘டிங்’னு சத்தம் வந்து சுருதி குதிச்சா அதுதான் அறிகுறி. பென்சில் கரியைப் பள்ளத்துல தேய்ச்சுப் பாருங்க. அப்பவும் குதிச்சா பள்ளத்தை அகலமா ராவணும், ஆழமா இல்ல. அளவான நட் ஃபைல் இல்லாம அந்த வேலையில இறங்காதீங்க. ஆழமாப் போயிட்டா திறந்த கம்பி முதல் ஃப்ரெட்ல உரசும், நட்டையே மாத்தணும்.

ஜேபி போட்டா மேல் மிட் இன்னும் முன்னாடி வரும், அவுட்புட்டும் ஏறும். உங்க பிக்கப்பும் அல்னிகோ 5 ஹம்பக்கர்தான், இந்த வேலைக்குப் போதும். முதல்ல அதை உயர்த்திப் பாருங்க: கடைசி ஃப்ரெட்ல அழுத்தினபடி தடிக் கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2.5 மில்லிமீட்டர், மெல்லிசுப் பக்கம் 2.

---

கீழடி_மட்டும்

மிட் 2 மணி என்பதில் எனக்குச் சின்ன மறுப்பு உண்டு. சிறிய அறை, ஓடு பதித்த தரை, வெறும் சுவர் என்றால் 2 மணி குத்தும். 1 மணியில் தொடங்கி, டிரம்ஸோடு வாசிக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். அதைவிட முக்கியம் ஆம்ப் எங்கே இருக்கிறது என்பது. தரையில் வைத்தால் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூர்மையான சத்தம் நேர்கோட்டில் போவதால் உங்கள் காதுக்கு மந்தமாக வரும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே நிற்பவர் காதைப் பொத்துவார். நாற்காலி மேல் ஏற்றி வையுங்கள், இல்லையென்றால் பின்பக்கம் சாயுங்கள். காது ஸ்பீக்கருக்கு நேரே இருக்கும்படி ட்ரெபிளை செட் செய்தால் கொசு ரீங்காரம் பாதி போய்விடும்.

மீதி கையில் இருக்கிறது. இந்த டோனில் வலது கை ஒரு எஃபெக்ட் பெடலுக்குச் சமம். எல்லாம் டவுன்ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 180 பீட் வேகத்தில், பீட்டுக்கு இரண்டு அடி என்றால் வினாடிக்கு ஆறு அடி. மணிக்கட்டிலிருந்து அடித்தால் தாங்கும், முழங்கையிலிருந்து அடித்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் கை இறுகும். 120-ல் தொடங்கி, இரண்டு நிமிடம் சீராக வந்த பிறகே 5 கூட்டுங்கள். மேல்-கீழ் மாற்றி அடித்தால் வேகம் சுலபமாக வரும், ஆனால் மேலடியில் மெல்லிய கம்பி முதலில் படுவதால் கார்டின் கனம் ஒன்றுவிட்டு ஒன்று குறையும். காதுக்கு அது உடனே தெரியும்.

பாம் மியூட்டில் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரம் சரியாகச் சாடில் மேல் இருக்க வேண்டும், பாதி சாடிலில், பாதி கம்பியில். நெக் பக்கம் 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஸ்வரமே செத்து ‘தப் தப்’ ஆகும். பின்னால் போனால் மியூட்டே ஆகாது. பிக் 0.73-லிருந்து 0.88 மில்லிமீட்டர், நுனி மட்டும் விரலுக்கு வெளியே தெரியும்படி பிடியுங்கள். இடது கை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி மேல் மூன்று கம்பிகளையும் தொட்டு ஊமையாக்கியிருக்கட்டும். அதைச் செய்யாமல் பலமாக அடித்தால் திறந்த கம்பிகள் கலந்து வரும், ஆம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பிளிங்க்-182-இன் 1999 சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டாம் டெலாங்கின் ஸ்ட்ராட்டில் இருந்தது இன்வேடர் பிக்கப், ஆம்ப் பக்கம் மேசா ரெக்டிஃபையர் வகை. அது அடி கனத்த, மழமழப்பான சத்தம். இரண்டு செட்டிங்கையும் பாதிப் பாதி கலந்தால் இரண்டும் வராது.

---

பவர்கார்டு_பழகுநர்

எல்லாருக்கும் நன்றி. டோன் குமிழ் மேலதான் இருந்திருக்கு! அமுக்கின உடனே ஹம் போயிடுச்சு. டிஎஸ்-1 எடுத்துட்டு, டியூப் ஸ்க்ரீமர் டிரைவ் பூஜ்யம், கெயின் 10:30, மிட் 1:30. பாம் மியூட் வெட்டி நிக்குது. 10-52 போட்டு பிரிட்ஜைப் படிய வச்சாச்சு, உரசல் இல்ல.

இப்போ யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணினா மறுபடி மெலிசாவும் சரசரன்னும் இருக்கு. ஒரு டிராக்கைக் காப்பி பண்ணி, 10 மில்லிசெகண்ட் தள்ளி, இடமும் வலமும் போட்டேன். ஹெட்ஃபோன்ல அகலமா இருக்கு, ஃபோன் ஸ்பீக்கர்ல கிட்டார் உள்ள போயிடுது.

---

நாலு_பன்னிரண்டு

காப்பியை அழித்துவிடுங்கள். ஒரே வாசிப்பை 10 மில்லிசெகண்ட் தள்ளிச் சேர்த்தால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி விழும். இடமும் வலமும் பிரிந்திருக்கும்வரை தெரியாது. ஃபோன் ஸ்பீக்கர் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

அதே பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். ஒன்று முழு இடம், மற்றது முழு வலம். இரண்டு வாசிப்பிலும் பிக் படும் நேரமும் அழுத்தமும் இம்மி இம்மியாக வேறுபடும், அந்த வேறுபாடுதான் அகலம். ஆனால் கார்டு நிற்கும் இடம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நின்று மறு பக்கம் இழுத்தால் உடனே அலங்கோலமாகக் கேட்கும். அப்படிப்பட்ட இடங்களை வெட்டி ஒட்டாமல் அந்த வரியையே மறுபடி வாசியுங்கள்.

இரண்டு டிராக் சேரும்போது டிஸ்டார்ஷனும் கூடிக் கேட்கும், ஆகவே பதிவுக்கு கெயினை இன்னும் அரை மணி அளவு குறையுங்கள். இரண்டாவது டிராக்குக்கு மிட்டை ஒரு சிட்டிகை மாற்றினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. உள்ளே போகும் லெவல் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

கட்டானாவின் யூஎஸ்பியில் ஸ்பீக்கர் சிமுலேஷன் சேர்ந்தே வருகிறது. மேலே இன்னொரு கேபினெட் பிளகின் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஈக்யூவில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு. சரசரப்பைக் கண்டுபிடிக்க, ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையை 8 டெசிபல் ஏற்றி 4-லிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே காது கூசுகிறதோ அதே இடத்தில் 3 டெசிபல் இறக்குங்கள். கம்ப்ரசர் தேவையில்லை, டிஸ்டார்ஷனே அந்த வேலையைச் செய்துவிட்டது.

மைக் வைத்தும் செய்யலாம். ஷூர் எஸ்எம்57-ஐ கிரில் துணியிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் தள்ளி, ஸ்பீக்கர் நடுவில் இருக்கும் குமிழ்மூடியின் விளிம்புக்கு நேராக வையுங்கள். டார்ச் அடித்தால் துணிக்குப் பின்னால் விளிம்பு தெரியும். நடுவை நோக்கி 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் கூர்மை, வெளிப்பக்கம் 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் கனம். ஈக்யூவில் அரை மணி நேரம் தேடுவதை இந்த 2 சென்டிமீட்டருக்குள் பிடித்துவிடலாம்.

மெலிசாக இருப்பது கிட்டார் குறையாக இல்லாமலும் இருக்கலாம். பேஸ் கிட்டார் இல்லாமல் கேட்கிறீர்களா? ஆல்பத்தில் நாம் கிட்டாரின் கனம் என்று நினைப்பதில் நிறையப் பங்கு மைக் டர்ன்ட்டின் பேஸ் கிட்டாருடையது. பேஸ் டிராக்கை பிக்கால் வாசித்து, லேசாக டிஸ்டார்ஷன் சேர்த்து நடுவில் வைத்த பிறகு கிட்டாரின் அடிக்கனத்தை முடிவு செய்யுங்கள். அதற்கு முன் 200 ஹெர்ட்ஸை ஏற்றினால், பேஸ் வந்ததும் திரும்ப இறக்க வேண்டி வரும்.

முடித்ததும் மாஸ்டரை மோனோவில் வைத்துக் கேளுங்கள். கிட்டார் சற்றுச் சிறிதாகலாம், ஆனால் கார்டின் உடம்பு போகக் கூடாது. போனால் ஏதோ ஒரு டிராக்கில் ஃபேஸ் (ஒலி அலையின் திசை) தலைகீழாக இருக்கலாம். இன்வர்ட் பட்டனை அந்த ஒரு டிராக்கில் மட்டும் அழுத்திப் பாருங்கள்.